வலி தொடங்கும் உயரம்

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். ஜன்னல் திரை தைக்கும் திரைக்காரர் தூக்கினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏதோ பேருக்குத் தூக்கவில்லை. இடது கை காதோடு ஒட்ட, விரல்கள் கூரையைப் பார்க்க, கொடிக்கம்பம் மாதிரி நிறுத்தினார். ஒன்பது வருடம் பட்டாளத்தில் வளர்ந்த உடம்பு அது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் "தூக்கு" என்றால் முதலில் தூக்கிவிடும். எலும்பு என்ன சொல்கிறது என்று பிறகுதான் கேட்கும். டாக்டர் பிளாஸ்டிக் அளவுகோலைத் தோளில் வைத்துக் கோணம் பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நல்லா இருக்கேன் டாக்டர் என்றார் இவர். முன்னாள் படைவீரர்களின் ஊனத்தை அளப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட டாக்டரிடம், ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டு வந்த ஆள், நல்லா இருக்கேன் என்றார். போதாததற்குக் கிளம்பும்போது இரண்டு முறை நன்றியும் சொன்னார்.

வெளியே நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சாம்பல் பூத்திருந்தது. சட்டைப் பொத்தானைப் போட விரல் வரவில்லை. அவள்தான் போட்டுவிட்டாள், போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க.

"தூக்கிக் காமிச்சீங்களா?"

"தூக்கச் சொன்னார்."

"கிணத்துல குதிக்கச் சொல்லியிருந்தா?"

 எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம் என்று கேட்டுவிட்டுக் குதித்திருப்பார் என்பது இருவருக்குமே தெரியும்.

இரண்டரை மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, பணிக்காலக் கோப்பில் தோளில் அடிபட்டதாக ஒரு வரிகூட இல்லை. விடுவிப்பு நாளில் நிரப்பிய படிவத்தில் 'உடல்நலக் குறை ஏதும் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டத்தில் அவரே குறியிட்டிருக்கிறார். இரண்டு, கை முழு உயரத்துக்கும் போகிறது. ஆகவே இப்போதும் ஊனம் இல்லை. கையெழுத்து, முத்திரை. மேல்முறையீடு செய்ய ஒரு வருட அவகாசம் உண்டு என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

கை முழு உயரத்துக்குப் போவது உண்மைதான். நாளைக்கு ஒருமுறை போகும். அதற்கு அன்றைய தூக்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் தொழிலில் கை நாளைக்கு நூறு முறை மேலே போக வேண்டும். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஜன்னல் திரை தைத்துக் கொடுத்து, கம்பி அடித்து மாட்டிவிடுவது அவர்கள் தொழில். கம்பிகளெல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. நாலு வருடத்துக்கு முன்பு ஒருநாள் டிரில் மெஷின் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்த பிறகு, இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மனைவி ஏணியில் ஏறினாள். அவர் கீழே நின்று வலது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ரசமட்டத்தை நீட்டி, குமிழி நடுவில் நிற்கிறதா என்று கேட்டார். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். கேட்டவர்களிடம் அவள், எங்க வீட்டுக்காரர் மேலதிகாரி, மேலதிகாரி எங்கயாவது மேல ஏறுவாங்களா என்றாள். சிரித்துவிட்டுப் போனார்கள்.

சிரிப்பெல்லாம் ஒரு பல் மருத்துவமனையில் முடிந்தது. காத்திருப்பு அறையில் ஏழாவது படியில் நின்று துளை போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று சுவரைப் பிடித்தாள். மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏணி வழியாக அந்த ஆட்டம் அவர் உள்ளங்கைக்கு வந்தது. இரண்டு படி இறங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒண்ணுமில்ல என்றாள். அவர் பயந்துபோனார். அது அவருடைய சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பதுக்கலாம் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? காதுக்குள் ஏதோ நீர்ச் சமநிலைக் கோளாறு, உயரத்தில் வேலை கூடாது என்று காது டாக்டர் சொன்னார். அவள் மறுவாரமே ஏறினாள். ஏறாவிட்டால் அடுப்பு எரியாது. தோளுக்குப் படையின் செலவில் வைத்தியமும், மாதாமாதம் ஒரு தொகையும் வந்தால், ஏணி வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம். அவர் மனுப் போட்டது தோளுக்காக அல்ல. அவளைக் கீழே இறக்குவதற்காக.

மறுப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போனார்கள். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. ரப்பர் வாடை. சுவரோரம் கூரை வரைக்கும் கோப்புகள். நடுவில், கடற்படையில் இருபது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. கப்பல் அக்கா என்பார்கள். கடலைப் பார்த்ததைவிடக் காகிதத்தைப் பார்த்ததுதான் அதிகம் என்று தானே சொல்லிக்கொள்வார். சம்பளமில்லாத வேலை.

கப்பல் அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மூன்று வழி இருக்கிறது என்று விளக்கினார். இதே காகிதங்களை இன்னொரு மூத்த அதிகாரி முதலிலிருந்து பார்க்கலாம். ஆனால் புதிதாக எதுவும் சேர்க்க முடியாது. புதுச் சான்று கிடைத்தால் பழைய அலுவலகத்திலேயே கொடுத்து மறுபடி கேட்கலாம். அல்லது மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அங்கே ஓர் உறுப்பினர் நேரில் உட்கார்ந்து கேட்பார். சான்றும் கொடுக்கலாம், வாயாலும் சொல்லலாம். ஆனால் வரிசை நீளம். வந்த வரிசைப்படிதான் எடுப்பார்கள். சாகக் கிடக்கிறவர்களுக்கும் தள்ளாத வயதுக்காரர்களுக்கும் மட்டும்தான் முன்னால் இடம்.

"அந்தக் கடைசி வழி," என்றாள் மனைவி. "வாயால சொல்றது என்னால முடியும்."

"உங்களால முடியும்மா. இவரால முடியுமா?" என்று கப்பல் அக்கா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

ஆனாலும் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கோப்பில் அடிபட்டதற்கான அடையாளமே இல்லையே. அன்றைக்கு என்ன நடந்தது என்று கப்பல் அக்கா கேட்க, அவர் மென்று விழுங்கிச் சொன்னார். அவர் இருந்தது பாலம் கட்டும் பிரிவு. ஆற்றின் குறுக்கே ஒரே பகலில் இரும்புப் பாலம் போட்டு, மறுநாள் கழற்றுகிற பயிற்சி. இவர் கரையில் முக்காலியில் வைத்த லெவல் கருவியோடு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு நழுவி ஒரு இரும்புச் சட்டம் ஊஞ்சல் மாதிரி வீசி வந்து இடது தோளில் அடித்தது. விழுந்தார். மருந்துப் பெட்டிக்காரன் இரண்டு மாத்திரை கொடுத்தான். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வேலையைப் பார்த்தார். அவ்வளவுதான், யாரும் எதுவும் எழுதவில்லை.

கப்பல் அக்கா பேனாவை மூடினார். "வேற என்ன உடைஞ்சுது?"

"தோள் மட்டும்தான்க்கா."

"உங்கள கேக்கல தம்பி. சாமான்ல என்ன உடைஞ்சுது?"

கருவியின் கண்ணாடி போனது என்றார். கப்பல் அக்கா முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. படையில் மனுஷன் விழுந்தால் எழுத மறந்துபோவார்கள், சாமான் உடைந்தால் எழுதாமல் விடமாட்டார்கள் என்றார். மருத்துவக் கோப்பைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நாம் கிடங்குப் பதிவேட்டைக் கேட்போம் என்று அப்போதே ஒரு விண்ணப்பம் எழுதினார்.

அதைக் கேட்டதும் திரைக்காரருக்குப் பிரிவின் கிடங்குக்காரர் நினைவு வந்தது. பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். கொடாக்கண்டன். புது ஊசி கேட்டால் உடைந்த ஊசியின் இரண்டு துண்டையும் கொண்டுவா என்பார். ஒரு துண்டோடு போனால் மற்றது எங்கே என்று விசாரணை வைப்பார். அவரைத் திட்டாத ஆள் பிரிவில் கிடையாது. திரைக்காரரும் திட்டியிருக்கிறார், ஒரு ஜோடி சாக்ஸுக்காக.

ஐந்து மாதம் கழித்து நகல் வந்தது. மங்கலான ஒரே ஒரு பக்கம். கப்பல் அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தார்:

"லெவல் கருவி ஒன்று. கண்ணாடி உடைந்தது, கால் வளைந்தது. காரணம்: சட்டம் நழுவிக் கருவியைப் பிடித்திருந்த வீரரின் இடது தோளில் பலமாக மோதி, வீரர் கருவியின் மேல் விழுந்தார். வீரரின் கவனக்குறைவு இல்லை. வீரருக்கு மாத்திரை இரண்டு. வீரரால் கையைத் தூக்க முடியாததால் கருவியைக் கிடங்குக்கு நானே சுமந்துவந்தேன். கருவி பழுதுபார்க்க இயலாதது."

வீரரின் படை எண், தேதி, நேரம், பூட்டின் கையெழுத்து. 'வீரரின் கவனக்குறைவு இல்லை' என்ற வரிக்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தார். திரைக்காரர் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் தன்னை அவ்வளவு கவனித்திருந்தார் என்பது அவருக்கு இத்தனை வருடம் தெரியாது.

மேல்முறையீடு பதிவாகி வரிசை எண் கிடைத்தது. ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஓடின. அந்தப் பதினான்கு மாதமும் அவள் ஏணியில் ஏறினாள். அவர் கீழே நின்று அவள் பாதங்களையே பார்த்தார்.

விசாரணை நாள். நீதிமன்றம் மாதிரி இருக்கும் என்று பயந்துகொண்டு போனார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் அறை மாதிரி இருந்தது. ஒரு நீள மேசை, தண்ணீர் ஜாடி, ஒலிப்பதிவுப் பெட்டி, அதன் விளக்கைக் கவனித்துக்கொண்டு ஒரு ஊழியர். எதிர்க்கட்சி வக்கீல் என்று யாருமே இல்லை. இங்கே சண்டை போட ஆளில்லை, உறுப்பினர் கேட்பார், நீங்கள் சொல்ல வேண்டியதுதான் என்று கப்பல் அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார். வாரிய உறுப்பினர் ஒல்லியான அம்மா. கோப்பை முழுக்கப் படித்திருந்தார். பக்கங்களின் ஓரத்தில் மஞ்சள் சீட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. ஜன்னலில் திரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மனைவியின் கண் அங்கேயே போனது. அவர் மேசைக்கு அடியில் அவள் கையைத் தட்டினார்.

உறுப்பினர் முதலில் படிவத்தைத் தூக்கிக் காட்டி, உடல்நலக் குறை இல்லை என்று குறியிட்டது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றார். ஏன் என்றார் அந்த அம்மா. திரைக்காரர் கூட வந்திருந்த கப்பல் அக்காவைப் பார்த்தார். கப்பல் அக்கா, உள்ளதைச் சொல்லுங்க தம்பி என்றார்.

"உண்டுன்னு போட்டா பத்து நாள் பிடிச்சு வச்சுக்குவாங்க மேடம். பரிசோதனை, கையெழுத்து எல்லாம் முடியற வரைக்கும். எங்க கூட்டத்துல எல்லாருமே இல்லைன்னுதான் போட்டோம். காய்ச்சல்ல நடுங்கிட்டிருந்தவன்கூட." தயங்கினார். "எனக்கு ஏழாம் நாள் கல்யாணம்."

பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது. இருபத்தாறு வருடம் கூடவே வாழ்ந்தும் மனைவிக்கு இது தெரியாது. இவ்வளவு காலமும் அந்தக் குறியை அவருடைய அசட்டுத்தனம் என்றுதான் நினைத்து, வாய்க்கு வந்தபடி பேசியும் இருந்தாள்.

"தேதிய தள்ளி வச்சிருக்கலாமே," என்றாள் மெதுவாக, உறுப்பினர் இருப்பதையே மறந்து. "நான் எங்க ஓடியா போயிடப் போறேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

ஒலிப்பதிவு ஊழியர் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். உறுப்பினர், அதுவும் பதிவில் இருக்கட்டும் என்றார்.

பிறகு மனைவியைப் பேசச் சொன்னார். கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம், நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது, அது டாக்டர் வேலை என்று விதியைச் சொல்லித்தான் தொடங்கினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அன்றைக்கு உண்மையானது. கல்யாணத்தன்று ஒரு நாற்காலியை ஒற்றைக் கையால் இழுத்ததிலிருந்து ஆரம்பித்தாள். சட்டைக்கு முதலில் இடது கையை நுழைத்துவிட்டு வலது கையால் மிச்சத்தை இழுப்பது, தலை துவட்டத் துண்டைக் கதவில் மாட்டிவிட்டுத் தலையைக் கொண்டுபோய்த் தேய்ப்பது, உறக்கத்தில் இடப்பக்கம் புரண்டால் பல் நறநறப்பது, டிரில் மெஷின் விழுந்த நாள் என்று வருடவாரியாகச் சொன்னாள். நோய்க்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. பல் மருத்துவமனை ஏணியைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

உறுப்பினர் திரைக்காரர் பக்கம் திரும்பினார். டாக்டர் கையை அளந்திருக்கிறார், எண் இங்கே இருக்கிறது, எதுவரைக்கும் கை போனது என்று எழுதியிருக்கிறார், ஆனால் வலியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்றார். "நான் கையைத் தூக்கச் சொல்லல. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்த உயரத்துல வலிக்க ஆரம்பிக்குது?"

இருபத்தாறு வருடத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. தூக்க முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். முடியும் என்று சொல்லியே பழகியவர். ஒண்ணுமில்ல மேடம் என்கிற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. எதிரே சரிந்திருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை மட்டும் ஏணியைப் பிடிப்பதுபோல மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"நெஞ்சு உயரத்துல மேடம்," என்றார். குரல் தன்னுடையது மாதிரியே அவருக்குப் படவில்லை. "நெஞ்சுக்கு மேல போனா வலி. காதுகிட்ட போனா கண்ணு இருட்டும். டாக்டர் சொன்னாருன்னு தூக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூங்கல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கல மேடம். கேக்காதத சொல்லிப் பழக்கமில்ல."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஏதோ பெரிய சுமையைத் தூக்கிவிட்டு வந்தவர்போல வியர்த்திருந்தார்.

ஏழு வாரத்தில் முடிவு வந்தது. ஒன்பது பக்கம். சங்கத்து அறையில் கப்பல் அக்கா படித்து, ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரணப் பேச்சில் சொன்னார். கிடங்குப் பதிவேடு அன்றைய தேதியில் எழுதப்பட்டது, எழுதியவருக்கு இவருக்காகப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆகவே அடிபட்டது உண்மை. மனைவி கண்ணால் கண்டு சொன்னது கல்யாண நாளிலிருந்து அறுபடாமல் வருகிறது. ஆகவே வலி நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. டாக்டர் வலி தொடங்கும் இடத்தைப் பதியாததால் அவருடைய எண்ணுக்கு முழு மதிப்பில்லை. 'இல்லை' என்ற குறி எதிராகத்தான் நிற்கிறது. ஆனால் அது ஏன் விழுந்தது என்று சொன்னதை உறுப்பினர் நம்புகிறார். சாதகமும் பாதகமும் சரிக்குச் சரி நின்றாலே சந்தேகத்தின் பலன் வீரருக்குப் போக வேண்டும் என்பது சட்டம்; இங்கே சாதகம் ஒரு படி மேலேயே நிற்கிறது. தோள் காயம் பணியில் ஏற்பட்டது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. எத்தனை சதவீத ஊனம் என்பதைப் பழைய அலுவலகம் முடிவு செய்யும். வைத்தியம் உடனே தொடங்கலாம்.

திரைக்காரர் அந்த ஒன்பது பக்கத்தையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முகம் தெரியாத எத்தனையோ பேர் தன் தோளைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தாங்கவில்லை. உறுப்பினர் அம்மாவுக்கு ஒரு நல்ல திரை தைத்துக் கொடுக்கலாமா, அந்த அறையில் சரிந்து தொங்கியதே என்று கேட்டார். ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கக் கூடாது, வேலை போய்விடும் என்றார் கப்பல் அக்கா. சரி, பூட்டின் விலாசம் கிடைக்குமா? விலாசம் தரமாட்டார்கள், ஆனால் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஓய்வூதிய அலுவலகம் அனுப்பிவைக்கும். அங்கேயே உட்கார்ந்து எழுதினார். நாலு வரிதான் வந்தது. அந்த நாலு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கப்பல் அக்காவுக்கு நன்றி சொன்னபோது, போங்க தம்பி, அடுத்த ஆள் நிக்கிறாரு என்று கைகாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் ஒரு வங்கிக் கிளையில் பத்து ஜன்னலுக்குத் திரை மாட்ட வேண்டியிருந்தது. அடுத்த தெருவில் ஏணியும் மெஷினும் வைத்திருக்கும் ஒருவர் ஏறுவதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். மனைவி அந்த ஆளுக்காக அளவுகளைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் துளையைக் கோணலாகப் போடுவான், பாருங்க, நான்தான் பக்கத்துல நின்னு பாக்கணும் என்று இப்போதே புலம்பல் ஆரம்பித்திருந்தது.

திரைக்காரர் வாசற்படியிலேயே நின்றார். இன்றைக்கு எத்தனை பேருக்கு நன்றி சொல்லியாயிற்று. டாக்டருக்குக்கூட அன்றைக்கு இரண்டு முறை சொன்னோமே என்று நினைத்துக்கொண்டார். இந்த வீட்டுக்குள் மட்டும் அந்தச் சொல் ஒருநாளும் புழங்கியதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் அதைச் சொன்னால் யாரோ மூன்றாம் மனிதர் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். தொண்டையைச் செருமினார்.

"நன்றி," என்றார்.

அவள் தலை நிமிர்ந்து அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "யாருக்கு?"

"உனக்குத்தான்."

பேனா நின்றது. முகம் சிவந்து, அளவுத் தாளைப் பார்த்து, மறுபடி அவரைப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காந்து சொல்லுங்க," என்றாள். "ஆறு வருஷம் ஏறியிருக்கேன். ஒரு தடவைல முடிஞ்சிருமா?"

அவர் உட்கார்ந்தார்.